குராஷிக்கியைக் கண்டு வந்தவர்

எங்கள் தெருவில் நடக்கும்போது அவர் வேட்டியை ஒரு கையால் முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்வார். ஐப்பசி மழையில் சேறு மிதிபட்டுக் கிடக்கும் நாளில் என்றால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சித்திரை மாதத்தில் மண் சுட்டுப் பொரிந்து கிடக்கும். அப்போதும் அப்படித்தான். இன்னொரு கையில் கைக்குட்டை. எதிரே மாடு வந்தால் அது மூக்குக்குப் போகும். அந்த மாடு அவருடைய சொந்த மாடாக இருந்தாலும் போகும்.

அவர் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள், வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்திக் கும்பிடுகிறார்கள். அதுவும் போக, அவர் பேரை ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நேரில் அண்ணா, மாமா. ஆள் அந்தப் பக்கம் போனதும் குராஷிக்கியார்.

வேலந்தாவளத்திலிருந்து நடந்து வருகிற தூரத்தில் எங்கள் ஊர். ஒரே தெரு, தெருவை ஒட்டி வாய்க்கால், கிழக்குக் கோடியில் மாரியம்மன் கோயில். பாலக்காடு ஜில்லா என்றதும் எல்லோரும் நெல்லும் தென்னையும் நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் பக்கம் கடலைக்காய், பருத்தி, சோளம் விளைகிற மேட்டு நிலம், காடு என்போம். வாய்க்காலில் தண்ணீர் வருவதும் வராததும் மேலே இருக்கிறவர்கள் மனசு. அதனால் மழையைத்தான் நம்பியிருந்தோம்.

அவர் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஃபிட்டர் வேலை பார்த்தார். அந்த மில்லுக்கு ஜப்பானிலிருந்து நூற்கிற மெஷின் வாங்கினார்கள். அதைக் கழற்றிப் பூட்டப் பழகி வரச்சொல்லி இவரையும் இன்னும் இரண்டு பேரையும் ஆறு மாசம் அங்கே அனுப்பினார்கள். போன ஊர் குராஷிக்கி. மற்ற இரண்டு பேரும் திரும்பி வந்து மெஷினை ஓட்டினார்கள். அவர்கள் ஜப்பான் போனார்கள் என்பதே மறந்துபோயிற்று. இவர் மட்டும் உடம்பை இங்கே அனுப்பிவிட்டு அங்கேயே இருந்துவிட்டார்.

சொல்லத் தெரிந்தவர், அதை மறுக்க மாட்டேன். வேலந்தாவளம் டீக்கடையில் சந்தை அன்று உட்கார்ந்து அவர் ஆரம்பித்தால், மாடு வாங்க வந்தவன் மாட்டை மறந்துவிடுவான். அந்த ஊர் முன்னொரு காலத்தில் கடலாக இருந்ததாம். கடலுக்கு வரப்புப் போட்டு நிலமாக்கினார்களாம். உப்பு மண்ணில் நெல் வராது என்று பருத்தி போட்டார்களாம். பருத்தியும் நெல்லும் வந்து குவியக் குவிய, நடுவில் ஓடுகிற சின்ன ஆற்றின் இரண்டு கரையிலும் கிடங்கு கட்டினார்களாம். ஜமீன்தார் யாரும் கிடையாது, நேரே பெரிய ராஜாவின் ஆட்சி. அதனால் வியாபாரிகள் கையில் செழிப்பு. கிடங்குச் சுவர் மேல்பாதி பால் மாதிரி வெள்ளை. கீழ்ப்பாதியில் கறுப்பு ஓடுகளைச் சதுரம் சதுரமாகப் பதித்து, இடையில் வெள்ளைக் காரையை விரல் மொத்தத்துக்கு மேடாக இழுத்திருப்பார்கள். ஆற்றங்கரை முழுக்கக் கருங்கல். மேலே வளைந்த கல் பாலம். கரையில் ஒரு மரம், கிளையெல்லாம் பெண்கள் தலை குளித்துக் கூந்தலை ஆற்றிவிட்ட மாதிரி தண்ணீரைப் பார்த்துத் தொங்கும். தட்டையான படகு போகும். வீட்டு முகப்பில் எல்லாம் மெல்லிய மரச்சட்டம் அடித்த சன்னல், உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரு தெரியும், தெருவில் போகிறவனுக்கு உள்ளே தெரியாது. யுத்தத்தில் அந்தத் தெருவில் குண்டு விழவில்லை. தெருக்கோடியில் செங்கல் மில் ஒன்று, சுவர் தெரியாமல் கொடி படர்ந்திருக்கும்.

"ஏனுங்க, அந்த ஊர்ல மாட்டுச் சந்தை உண்டுங்களா?" என்பார் டீக்கடைக்காரர். வாரம் தவறாமல் கேட்பார்.

"மாடா? அங்க நாய்கூட ஓரமாத்தான் போகுமுங்க."

"அப்ப அந்த ஊரு நாயும் உங்களை மாதிரியே நடக்குமாட்ட இருக்குது."

கடையே சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, விளிம்பைக் கைக்குட்டையால் துடைத்து, "இந்த ஜனத்துக்கு என்ன சொல்லி என்னுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அந்த டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிப்பார்.

நான் ஏழாவது வரை படித்தவன். உலகம் பார்த்தவன் இல்லை. ஆனால் எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும் அங்கே சாமி எது, கோயில் எங்கே என்று கேட்பது எனக்குப் பழக்கம். ஒருநாள் அவரிடமும் கேட்டேன்.

"அந்தத் தெருவுக்குக் கோயில் ஏதும் இல்லீங்களாண்ணா?"

"இருக்குது. தெருவுக்குப் பின்னால சின்ன மலை. கல்படி கட்டிருக்கறாங்க. ஏறறதுக்கு முன்னால கை கழுவோணும், வாய் கொப்பளிக்கோணும். அப்புறம் ரெண்டு கையும் தட்டிக் கும்பிடுவாங்க."

"மேல சாமி எப்படி இருக்குமுங்க?"

"நான் ஏறலையப்பா. கீழ இருந்து பார்த்தாலே அத்தனை அழகு."

அன்றைக்குத்தான் அவர் மேல் எனக்கிருந்த மரியாதையில் முதல் கல் பெயர்ந்தது. ஆறு மாசம் ஒரு ஊரில் சோறு தின்றிருக்கிறார். அந்த ஊரைக் காக்கிற சாமி தலைக்கு மேலே இருக்கிறது. லீவு நாளெல்லாம் ஆற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். படி ஏறவில்லை. எந்தச் சாமியாக இருந்தால் என்ன, இருக்கிற ஊரில் ஒரு கும்பிடு போடாத மனுஷன் அந்த ஊரைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்லலாம்?

அவர் சம்சாரத்தை நாங்கள் அக்கா என்போம். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண். அவர் மில்லுக்குப் போனதும் காட்டுவேலை முழுவதும் அக்காதான். களத்தில் கடலைக்காய் உலர்த்துகிறபோது ஒரு காயை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டி, பருப்பு ஓட்டோடு ஒட்டாமல் உருண்டு சத்தம் போடுகிறதா என்று கேட்டு, காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடும். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அக்கா கேட்டுச் சொன்னால் மறுபேச்சு இல்லை.

இந்த அக்காவைத்தான் அவர் வந்தவர் போனவர் முன்னால், "இவளுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க, சாணியைக் கரைச்சு வாசல்ல ஊத்தத்தான் தெரியும்" என்பார். குராஷிக்கியில் வாசலுக்குத் தண்ணீர் மட்டும்தான் தெளிப்பார்களாம். அதனால் அவர் வீட்டில் சாணி தெளிக்கக் கூடாது என்று சட்டம். அக்கா அவர் எழுந்திருக்கும் முன்பே தெளித்து, காயவிட்டு, கோலமும் போட்டுவிடும். எழுந்து வந்து பார்ப்பார். காய்ந்துபோனதால் அவருக்கு வித்தியாசம் தெரியாது. "பார்த்தீங்களா, சுத்தம்னா இப்படி இருக்கோணும்" என்று எங்களிடம் காட்டுவார்.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. இனிச் சொல்லப்போவது அப்படியில்லை.

எங்கள் ஊரில் விதைக் கடலைக்காயை வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் அந்தக் காலத்தில் கிடையாது. வீட்டில் இருந்தால் பங்குனி சித்திரையில் கை வறண்ட நேரத்தில் விற்கத் தோன்றும், பிள்ளைகள் பசித்தால் வறுக்கத் தோன்றும். அதனால் அறுவடை முடிந்து காய்ந்ததும் ஒவ்வொரு வீட்டு விதை மூட்டையும் கோயிலை ஒட்டிய கிடங்குக்குப் போய்விடும். பூசாரி பூட்டிச் சாவியை அம்மன் காலடியில் வைப்பார். அதற்குப் பிறகு அது ஆத்தா காவல். திறக்க வேண்டும் என்றால் பூ கேட்க வேண்டும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் இலையில் ஒரே மாதிரி கட்டி அம்மன் முன்னால் போட்டு, பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் திறக்கலாம். செவ்வரளி வந்தால் பொறுக்க வேண்டும். ஒரு சங்கதிக்கு ஒரு தடவைதான் கேட்பது. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து இதில் யாரும் கை வைத்ததில்லை.

கிடங்குச் சுவர் மண் சுவர், ஒரு முழத்துக்கு மேல் மொத்தம். கூரைக்கு அடியில் சுற்றிலும் கை நுழைகிற அளவில் வரிசையாகத் துவாரங்கள் விட்டிருந்தார்கள், மழை அடிக்காமல் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு ஓடு செருகி. பார்க்க அழகில்லைதான். அங்கங்கே வெடித்து, கரையான் கோடு ஏறி, வயசான எருமை மாதிரி நிற்கும்.

வாய்க்கால், பக்கத்தில் கிடங்கு. போதாதா அவருக்கு?

"இது ஒண்ணை மட்டும் என்கிட்ட விடுங்க. நம்ம ஊரையே ஆளுங்க பார்க்க வருவாங்க," என்றார். சிமெண்ட்டுக்குப் பர்மிட் எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்த காலம். அவர் மில் மூலமாக வாங்கித் தருகிறேன் என்றார். சுவர் வெடித்திருந்ததும் நிஜம், எலி வந்ததும் நிஜம். ஊர் சம்மதித்தது. கோபாலபுரத்திலிருந்து கொத்தனாரைக் கூட்டி வந்தார். மண் சுவர் மேல் உள்ளும் புறமும் சிமெண்ட் பூசி, மேல்பாதிக்கு மூன்று கை வெள்ளைச் சுண்ணாம்பு. கீழ்ப்பாதிக்குக் கறுப்பு ஓடு கிடைக்காததால் தார் பூசி, அதன் மேல் வெள்ளைக் காரையால் சதுரம் சதுரமாகக் கோடு. கதவுக்கும் கறுப்புச் சாயம். கொத்தனார் மேலே துவாரங்களைக் காட்டி என்ன செய்வது என்று கேட்டார்.

"அடைச்சுரு. எலி வர்ற வழி அது. அதுவுமில்லாம வெள்ளைச் சுவத்துல ஓட்டை ஓட்டையா என்ன அசிங்கம்?"

பூசாரி பக்கத்தில் நின்றிருந்தார். "காத்து வேணுமுங்களே."

"காத்து மனுசனுக்கு வேணும். கடலைக்காய்க்கு எதுக்குங்க?"

"அங்க எப்படிங்க, ஓட்டையே கிடையாதுங்களா?"

"நான் ஆறு மாசம் பார்த்துட்டு வந்து சொல்றேன்," என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

உள்ளதைச் சொன்னால், வேலை முடிந்து வாய்க்காலில் தண்ணீரும் வந்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வெள்ளையும் கறுப்பும் தண்ணீரில் விழுந்து ஆடும். கோபாலபுரத்திலிருந்து ஜனம் பஸ் ஏறி வந்து பார்த்தது. வில்லேஜ் ஆபீசர் வந்து, "நன்னாயிட்டுண்டு" என்று மலையாளத்தில் மெச்சிவிட்டுப் போனார். குராஷிக்கியார் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அந்த ஐப்பசியில் எங்கள் எல்லோருடைய விதையும் உள்ளே போனது. அக்காவின் மூட்டையும் போனது. பிறந்த வீட்டில் கொடுத்த மேட்டுக்காடு ஒன்று அக்காவுக்கு இருந்தது, அதற்கான விதை.

அந்த வருஷம் கார்த்திகை முழுக்க மழை. மாசி பிறந்ததும் கிடங்குக் கதவடியில் சின்னச் சின்னப் பூச்சிகள் ஊர்ந்து வந்தன. கிட்டப் போனால் ஒரு வாடை. பூசாரி ஊரைக் கூட்டினார். பூ கேட்டோம். வெள்ளைப் பூ வந்தது.

"ஆத்தா உத்தரவு கொடுத்துருச்சு. நாளைக்கே திறந்து களத்துல காயப்போட்டுரலாம்," என்றார் பூசாரி.

"நாளைக்கா?" என்று எழுந்தார் அவர். "மெஷின் பார்க்க ஜப்பான்ல இருந்து ஒருத்தர் பங்குனியில மில்லுக்கு வர்றாரு. இதைக் காட்டறதுக்குன்னே கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிருக்கறேன். இப்பப் போய் மூட்டையை வெளிய இழுத்தா சுவரெல்லாம் கறையாயிருமுங்க."

"வாடை அடிக்குதுங்களே."

"புதுச் சுண்ணாம்பு அப்படித்தான் அடிக்கும். எனக்குத் தெரியாதுங்களா?"

நான் சொன்னேன்: "ஆத்தா சொன்னதுக்கு மேல என்னுங்கண்ணா பேச்சு?"

"ஆத்தா சொன்னது சரிதானப்பா. திறக்கலாம்னு சொல்லுச்சு. ஆனா இப்பவேவான்னு நீங்க கேட்கலையே? அதைக் கேளுங்க."

பூசாரி மாட்டேன் என்றார். ஒரு தடவைதான் கேட்பது என்றார். ஆனால் ஜப்பானிலிருந்து ஆள் வந்து நம் கிடங்கைப் பார்க்கப்போகிறான் என்ற ஆசை பாதி ஊருக்குப் பிடித்திருந்தது. "கேட்டுத்தான் பாருங்களேன் பூசாரி" என்று நாலாபக்கமும் குரல். மறுபடியும் பொட்டலம் கட்டினார்கள். செவ்வரளி வந்தது.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பூசாரி சாவியைத் தொடாமலே நடையைச் சாத்தினார். ஆத்தாவுக்கு இரண்டு நாக்கு கிடையாது. முதல் தடவை சொன்னதுதான் அவள் வாக்கு. சொன்னதைக் கேட்காத பிள்ளைக்குத் தாய் அப்புறம் என்ன சொல்வாள்? போடா, உன் இஷ்டம் என்பாள். அந்தச் செவ்வரளிக்கு அதுதான் அர்த்தம் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். அன்றிரவு என் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. உள்ளே இருந்தது எங்கள் அடுத்த வருஷம். அது போனால் விதைப்பு இல்லை. வெளியில் விதை வாங்கி விதைக்கும் நிலையில் எங்கள் தெருவில் அப்போது யாரும் இல்லை.

பங்குனியில் அந்த ஜப்பானியர் வந்தார். மில் காரில் வந்தார். கோயமுத்தூர்க்காரன் ஒருவன் டிரைவர், மில்லுக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கி இங்கிலீஷ் பழகியவன். வந்தவர் குள்ளமான மனுஷன், நரைத்த தலை, சட்டைப்பையில் இரண்டு பேனா. குராஷிக்கியார் அன்றைக்கு பேண்ட் போட்டிருந்தார். ஊரே கூடி நின்றது.

வந்தவர் நேரே கிடங்குக்கு வரவில்லை. கோயிலைப் பார்த்ததும் நின்றார். வாய்க்காலில் இறங்கிக் கை கழுவினார், வாய் கொப்பளித்தார். செருப்பை, இல்லை, ஷூவைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தார். ஆத்தா முன்னால் குனிந்து, இரண்டு தடவை கை தட்டி, மறுபடியும் குனிந்தார். அவர் என்ன சாமி கும்பிடுகிறவரோ எனக்குத் தெரியாது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பூசாரி திருநீறு கொடுத்தார், வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டார்.

"சார், திஸ் சைட், திஸ் சைட்" என்று இழுத்தார் எங்கள் ஆள். வாய்க்காலின் அந்தக் கரைக்குக் கூட்டிப்போய்க் கையை நீட்டிக் காட்டி, "குராஷிக்கி?" என்றார்.

வந்தவர் சிரித்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற டிரைவர் எங்களிடம் மெல்ல, "அந்த ஊருக்கு இவரு போனதே இல்லீங்களாமா. இவருக்கு வேற ஊருங்களாமா" என்றான். எங்கள் ஆள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பழனிக்குப் புறப்பட்டவன் அங்கே மலையே இல்லை என்று கேள்விப்பட்ட மாதிரி நின்றார்.

வந்தவர் கிடங்குக்கு அருகே வந்தார். சுவரைத் தடவினார். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். தலையைத் தூக்கிக் கூரையடியில் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கையால் சதுரம் போட்டுக் காட்டி ஏதோ கேட்டார்.

"ரொம்ப அழகா இருக்குதுன்னு சொல்றாரு," என்றார் எங்கள் ஆள்.

வந்தவர் கதவடியில் குனிந்தார். மூக்கைச் சுருக்கினார். எழுந்து, வேகமாக நிறையப் பேசினார்.

"வேலைப்பாட்டைப் பாராட்டறாருங்க."

"பாராட்டறவரு ஏனுங்க மூக்கைப் பொத்தறாரு?" என்றார் பூசாரி.

டிரைவரால் பொறுக்க முடியவில்லை. "சார் சொல்றது அதில்லீங்க. உள்ள ஏதோ அழுகுதுன்னு சொல்றாரு. சீக்கிரம் திறங்கங்கறாரு. அவுங்க ஊட்டுலயும் இதே மாதிரி நெல்லுக் கெடங்கு இருக்குதாமா. வெள்ளைச் சுவருதானாமா. ஆனா மேல சன்னல் உண்டாமா, வெயிலுக்குத் திறப்பாங்களாமா, மழைக்கு மூடுவாங்களாமா. இதுக்குச் சன்னல் எங்கேன்னு கேட்கறாருங்க."

நான்தான் கேட்டேன்: "ஏனுங்கண்ணா, அந்தக் கெடங்குக்குள்ள ஒரு தடவையாவது போய்ப் பார்த்தீங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வெளிய இருந்து பார்க்கறதுதானப்பா அதுக்கு அழகு."

மலைக்கோயிலுக்குக் கீழே நின்று பார்த்தவர். கிடங்குக்கு வெளியே நின்று பார்த்தவர். இருபது வருஷம் குடித்தனம் நடத்திய சம்சாரத்தையும் அவர் அப்படித்தான் பார்த்திருப்பார். இந்த மனுஷன் வாயைக் கேட்டு நாங்கள் எங்கள் விதையை அடைத்துவைத்தோம்.

பூசாரி பூ கேட்கவில்லை. "ஆத்தா மாசியிலயே சொல்லிட்டா" என்று சொல்லிச் சாவியை எடுத்து வந்து திறந்தார்.

உள்ளேயிருந்து வந்த சூடு முகத்தில் அடித்தது. சுவர் உள்பக்கம் வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. அடி மூட்டைகள் சாக்கோடு சேர்ந்து கறுத்துப் பசையாகிவிட்டிருந்தன. நடு மூட்டைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம். மேலே இருந்ததில் கொஞ்சம் உருத் தெரிந்தது. பெண்கள் யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. முறத்தை எடுத்து வந்து களத்தில் உட்கார்ந்தார்கள். அக்கா முதலில் உட்கார்ந்தது. இழுத்து வந்து கொட்டக் கொட்ட, ஒவ்வொரு காயாக எடுத்துக் காதருகே ஆட்டி, நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம். யார் வீட்டு மூட்டை என்று யாரும் பார்க்கவில்லை.

வந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு பேண்ட்டை மடக்கிவிட்டுக்கொண்டு அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். ஒரு காயை எடுத்து அக்கா செய்த மாதிரியே காதில் வைத்து ஆட்டினார். எந்தப் பக்கம் போடுவது என்று கண்ணால் கேட்டார். அக்கா கையால் காட்டியது.

எங்கள் ஆள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் நின்றார். "சாரி சார். வெரி சாரி. திஸ் வில்லேஜ் பீப்பிள், சார், நோ கிளீன்," என்றார்.

எனக்கு அந்த இங்கிலீஷ் விளங்கியது. அதற்கு ஏழாவது வகுப்புப் போதும். வாயில் கெட்ட வார்த்தை வந்துவிட்டது. ஆத்தா சன்னதிக்கு எதிரே நிற்கிறோம் என்று விழுங்கிக்கொண்டேன்.

பூசாரி அதற்குள் கடப்பாரையோடு ஏணி ஏறியிருந்தார். உள்ளே மேல்பக்கம் இருந்த மூட்டைகளுக்காவது காற்று விட வேண்டும். பழைய துவாரம் இருந்த இடத்தைக் கையால் தடவிக் கண்டுபிடித்து ஓங்கி ஒரு குத்து விட்டார். வெள்ளைக் காரை பெயர்ந்து தார்ச் சதுரத்தின் மேல் விழுந்தது.

அப்போதுதான் எங்கள் ஆள் ஓடினார். விதை அழுகிக் கொட்டியபோது அசையாத மனுஷன். கைக்குட்டை எங்கோ விழ, ஏணிக்கு அடியில் போய்ச் சுவரோடு சுவராக ஒட்டி நின்று இரண்டு கையையும் விரித்தார். "சுவத்தை விட்டுருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும். விதையை நான் எங்கயாவது பார்க்கறேன், சுவத்தை மட்டும் இடிக்காதீங்க." கண்ணில் தண்ணீர் ஓடிற்று. அவர் அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான். அவருடைய அம்மா செத்தபோதுகூட, குராஷிக்கியில் பிணத்தை எவ்வளவு சுத்தமாக எடுத்துப்போவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

பூசாரி கடப்பாரையை ஓங்கியபடி நின்றுவிட்டார். கீழே ஒரு மனுஷன் கையை விரித்து நின்றால் எப்படிக் குத்துவது?

அக்கா தலையைத் தூக்கவில்லை. கையில் இருந்த காயை ஆட்டிப் பார்த்து நல்ல பக்கம் போட்டுவிட்டுச் சொன்னது: "நீங்க ஊட்டுக்குப் போங்க. இங்க ஆளு போதும்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. வெற்றிலை வாங்கி வரச்சொல்கிற மாதிரிதான் சொன்னது. அவர் திரும்பிப் பார்த்தார். வந்திருந்த மனுஷன் கெட்ட காய்களைக் கைநிறைய அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்திருந்தான். அவரைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அவர் கையைத் தாழ்த்திக்கொண்டார். சட்டை முதுகெல்லாம் வெள்ளை அப்பியிருந்தது. பூசாரி அடுத்த குத்துக் குத்தினார்.

மூன்றில் ஒரு பங்கு தேறியது. வைகாசியில் ஒரே ஒரு தடவை பூ கேட்டோம். வெள்ளை வந்தது. தேறியதை எல்லோருமாகப் பிரித்து எடுத்து விதைத்தோம். என் கிழக்குக் காட்டுக்கு விதை எட்டவில்லை, கொள்ளு தெளித்தேன். அக்காவின் மேட்டுக்காட்டுக்கும் எட்டவில்லை. ஊரில் சிலர் தங்கள் பங்கிலிருந்து ஆளுக்கு ஒரு படி கொடுக்கப்போனார்கள். அக்கா வாங்கவில்லை. "எங்க ஊட்டால வந்த வினைக்கு என் காடு தரிசாக் கிடக்கட்டும்" என்றது.

அந்த வருஷம் ஆனி ஆடியில் மழை தப்பாமல் பெய்தது. எங்கள் காடுகளில் கடலைச்செடி முழங்கால் உயரம் நின்று பூத்தது. நடுவில் அந்த மேட்டுக்காடு மட்டும் புல் முளைத்துக் கிடந்தது. வேலந்தாவளத்துக்கு அவர் போக வர அதுதான் வழி.